போர்வெல் தண்ணில கலந்த மாசு எங்கிருந்து வந்துச்சு? இன்வெர்ஸ் மாடலிங் முதல் தடவை பண்றவங்களுக்கு

வழக்கமா மாடல்னா, மாசு இந்த இடத்துல இறங்குச்சு, மூணு வருஷத்துல எது வரைக்கும் போகும்னு பாப்போம். இன்வெர்ஸ்ல அப்படியே தலைகீழ். போர்ல எடுத்த சாம்பிள் ரிசல்ட் மட்டும் கையில இருக்கும், இறங்குன இடம், நாள், அளவு மூணும் தெரியாது.

முதல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும். ஒரே கோட்டுல இல்லாத மூணு போராவது வேணும், தண்ணி எவ்வளவு ஆழத்துல நிக்குதுன்னு அளந்து அதை அப்படியே போடக்கூடாது, போர் வாய் எவ்வளவு உயரத்துல இருக்கோ அதுல இருந்து ஆழத்தக் கழிக்கணும். நான் ஆரம்பத்துல ஆழத்தையே நேரா போட்டு, தண்ணி மேட்டுப்பக்கம் ஓடுற மாதிரி ஒரு மேப் போட்டு வச்சிருந்தேன்!

அடுத்து சாஃப்ட்வேர தொடுறதுக்கு முன்னாடி ஒரு கைக்கணக்கு. மணல் தண்ணிய விடுற திறன் நாளைக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.002, மணல்ல துளைகளோட பங்கு 0.25னு வச்சா 10 × 0.002 ÷ 0.25 = 0.08, அதாவது நாளைக்கு 8 சென்டிமீட்டர், வருஷத்துக்கு சுமார் 29 மீட்டர். மூணு வருஷத்துக்கு முன்னாடி கொட்டுனதுன்னா 90 மீட்டருக்குள்ள தேடுனா போதும். ஆனா அந்த 10ங்கிற நம்பர் பத்து மடங்கு தப்பா இருக்கிறதெல்லாம் சகஜம், அதனால இதை முழுசா நம்பிடாதீங்க.

இப்போ மாடல். ஓட்டத்துக்கு மாட்ஃப்ளோ, மாசு பரவுறதுக்கு எம்டி3டிஎம்எஸ், ரெண்டும் ஃப்ரீ, பைதான் தெரிஞ்சா ஃப்ளோபைங்கிற பைதான் லைப்ரரி வச்சு ஓட்டலாம். முதல் தடவை குளோரைடு மாதிரி மண்ணுல ஒட்டாததா எடுங்க, ஒட்டுற பொருள் தண்ணிய விட மெதுவாத்தான் நகரும், அது தனித் தலைவலி.

சந்தேகப்படுற ஏரியாவ 10 மீட்டர் கட்டங்களாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் 1 கிலோ கொட்டுன மாதிரி ஓட்டுங்க. ஒட்டாத பொருள்னா 5 கிலோவுக்கு ரிசல்ட்ட 5ஆல பெருக்குனா போதும், அளவுக்காக திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியதில்ல. அப்புறம் மாடல் சொன்னதுக்கும் சாம்பிளுக்கும் உள்ள வித்தியாசத்த ஸ்கொயர் பண்ணிக் கூட்டி, கட்டத்துக்கு கட்டம் கலர் அடிச்சுப் பாருங்க, கூட்டுத்தொகை கம்மியா வர்ற கட்டம்தான் சாம்பிளோட நல்லா ஒத்துப்போறது.

ஒரு புள்ளி வரும்னு நினைச்சீங்கன்னா ஏமாந்துடுவீங்க, ஓட்டத்துல மேல்பக்கமா நீளமா ஒரு பட்டைதான் வரும். ஏன்னா பக்கத்துல கொஞ்சமா சமீபத்துல கொட்டுனதும், தூரத்துல நிறைய ரொம்ப நாள் முன்னாடி கொட்டுனதும் ஒரே போர்ல ஒரே ரீடிங்க தரலாம். மை தண்ணில கரைஞ்சப்புறம் சொட்டு எங்க விழுந்துச்சுன்னு தேடுற கதைதான், ரீடிங்ல சின்ன பிசகு இருந்தாலும் விடை எங்கேயோ ஓடிடும். ஒரே போர்ல மாசக்கணக்கா எடுத்த வரிசையான சாம்பிள் இருந்தா இந்தப் பட்டை நல்லாவே சுருங்கும்.

நிஜ டேட்டாவ போடறதுக்கு முன்னாடி ஒரு பொய் டேட்டா செய்ங்க, உங்களுக்குத் தெரிஞ்ச கட்டத்துல கொட்டி, வர்ற ரீடிங்ல 5 சதவீதம் கலைச்சு விட்டு, மாடல் அந்தக் கட்டத்தக் கண்டுபிடிக்குதான்னு பாருங்க. அதுலயே தடுமாறுனா நிஜத்துல சான்ஸே இல்ல.

கடைசில ரெண்டு கட்டம் போட்டி போடும். அப்போ ரெண்டும் எந்த இடத்துல ரொம்ப வேற வேற அளவு சொல்லுதோ, அடுத்த போர அங்க போடுங்க.