லேக் (தாமதம்) என்றதும் இன்டர்நெட் பிளானை ஏற்றச் சொல்லாதீர்கள்

கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் புதிதாக ஃபைபர் இன்டர்நெட் வேலைக்கு வரும் பையன்கள், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே திரும்ப அடிக்கிறார்கள். ரௌட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளிப்பது, ஃபைபரை மடக்கி ஆணி அடிப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதை ஒரு மழைக்காலமே கற்றுக்கொடுத்துவிடும். லைன் தாமதத்தில் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

சும்மா கிடக்கும் லைனில் பிங் பார்ப்பது

பிங் என்பது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம். காலியாக இருந்தால் எல்லா லைனும் நல்ல லைன்தான். பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றவிட்டு, அது ஓடும்போது பாருங்கள்.

தாமதத்துக்கு மருந்தாகப் பெரிய பிளான்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடை. சாயந்திரமானால் வாட்ஸ்அப் காலில் குரல் வெட்டி வெட்டி வரும். பார்க்கப் போன பையன், "பிளானை ஏத்துங்கண்ணே, சரியாயிடும்" என்றிருக்கிறான். ஏற்றினார். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போனதுதான் மிச்சம்.

நான் போய் பிங் ஓடவிட்டேன். 15 மில்லிசெகண்ட். கணக்குக் கம்ப்யூட்டரின் பேக்கப் கிளவுடுக்கு ஏற ஆரம்பித்ததும் 60, 200, அப்புறம் 400-க்கு மேல். பேக்கப்பை நிறுத்தினால் மறுபடி 15.

விஷயம் இதுதான். பெரும்பாலான கணினிகளில் அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் முறையான க்யூபிக், பாக்கெட் (டேட்டாவின் சின்னத் துண்டு) தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மோடத்தில் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) பெரிதாக இருந்தால் பாக்கெட் சீக்கிரம் தொலையாது, வரிசையில் நிற்கும். அப்லோடு 10 எம்பிபிஎஸ், பஃபர் 1 மெகாபைட் என்றால், அது நிரம்பியபின் காத்திருப்பு 0.8 வினாடி. அப்லோடை 20 ஆக்கினாலும் 0.4. ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் பரிந்துரை. அப்புறம் எங்கே சரியாவது?

ரௌட்டரில், வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதியைப் போட்டேன். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏறும் ரௌட்டர் என்றால் காசு செலவில்லை. எஸ்க்யூஎம்முக்குள் இருக்கும் கோடெல் என்ற முறை, 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டது. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்றுதான் பார்க்கும். காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிசெகண்ட் நீடித்தால், ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடும். அனுப்புகிற கம்ப்யூட்டர் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். எஃப்க்யூ-கோடெல் இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைப்பதால், வாட்ஸ்அப் காலின் சின்னப் பாக்கெட்டுகள் பேக்கப்பின் பின்னால் நிற்க வேண்டியதில்லை. கடைக்காரர் பழைய பிளானுக்கே இறங்கிவிட்டார். அந்த மாதங்களின் பணத்தை யார் கொடுப்பது?

எஸ்க்யூஎம்மில் பிளான் வேகத்தையே எழுதுவது

எஸ்க்யூஎம்முக்கு ஒரு வேகம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிளான் வேகத்தையே எழுதினால் வரிசை மறுபடி மோடத்தில்தான் சேரும். அங்கே நம் கை நீளாது, அதனால் ரௌட்டரிலேயே மறிக்க வேண்டும். சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பத்திலேயே மறித்துக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்புகிறார்களே, மலை ஏறியபின் குமுளியில் நின்று திருப்பினால் என்ன ஆகும்? அளந்து பார்த்த வேகத்தில் 90 சதவீதம் எழுதுங்கள்; பிங் ஏறினால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

பாக்கெட் லாஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்

வேண்டாம். மேலே சொன்னபடி, கோடெல் தூக்கிப் போடும் அந்த ஒரு பாக்கெட்தான் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சைகை.

வீட்டு லினக்ஸில் பிபிஆர் போட்டால் வீடியோ பறக்கும் என்பது

பிபிஆர், க்யூபிக் போல அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்க கூகுள் 2016-இல் கொண்டுவந்த நல்ல முறைதான். ஆனால் எந்த முறையில் அனுப்புவது என்பது அனுப்புகிற பக்கத்தின் முடிவு. உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றினால் நீங்கள் ஏற்றுவது மட்டுமே மாறும். இறங்குவது அந்தப் பக்கத்து சர்வர் கையில்.