பாகூர் நிலமும் நெல்லிக்குப்பம் நிலமும்: ரூலிங் தேடும் முறை

ரூலிங்கை, அதாவது நம் வாதத்துக்குத் துணையாகக் காட்டும் முந்தைய தீர்ப்பை, ஆன்லைனில் தேட நான் கற்றது ஒரு அவமானத்தில்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜூனியர் வக்கீலாக இருந்தேன். பாகப்பிரிவினை வழக்கு, நாங்கள் அண்ணன் பக்கம். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்த 2005 சட்டத் திருத்தத்துக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார், அதனால் மகளுக்குப் பங்கு இல்லை என்று வாதம். அதற்கு ஆதாரமாக, 2015-இல் வந்த பிரகாஷ் – பூலாவதி என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அது போயிடுச்சும்மா" என்றார். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை நீக்கிவிட்டார்கள். என் கையில் இருந்ததோ இரண்டு நீதிபதிகள் சொன்னது.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்: அப்பா இறந்த தேதி, மகளின் கல்யாணத் தேதி, பாகப்பத்திரம் பதிவான தேதி, நிலம் எந்த ஊர். கடைசிக் கேள்வி கடலூர்க்காரர்களுக்கு முக்கியம். நெல்லிக்குப்பத்துக் கரும்பு நிலம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் உண்டு. அன்று கல்யாணமாகாமல் இருந்த மகளுக்கு அது பங்கு தந்தது; 2005-க்குப் பிறகு மத்தியத் திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. பாகூர் நிலம் என்றால் அது புதுச்சேரி, அந்தத் திருத்தம் அங்கே கிடையாது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் குடும்பம் ரெனொன்சான் (பிரெஞ்சு ஆட்சியில் இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள்) என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது. இரண்டு ஊருக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான் என்பதால், தேடினால் எல்லாம் கலந்து வரும். தீர்ப்பின் தலைப்பகுதியில், எந்தக் கீழ்க்கோர்ட்டிலிருந்து வந்த மேல்முறையீடு என்று முதலில் பாருங்கள்.

சரி, தேடல். இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தளம் இலவசம், அங்கே தொடங்கலாம். தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், அதுவும் நீதிபதி எழுதும் சொல்லில். 'பொண்ணுக்குப் பங்கு' என்பதற்கு நேர் ஆங்கிலம் போட்டால் குப்பை குவியும். 'கோபார்சனர்' (கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உள்ளவர்) என்று போட்டால் விஷயம் வரும். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இரண்டு சொல்லும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றால் நடுவில் 'அண்ட்' போடுங்கள். ஆனால் கடைசியில் இரண்டு 'டி', எல்லாம் பெரிய எழுத்தில், இரு பக்கமும் இடைவெளி விட்டு. இந்த இரண்டாவது 'டி' தெரியாமல் நான் ஆறு மாதம் ஓட்டினேன். அப்புறம் நீதிமன்றத்தைச் சென்னை என்று சுருக்கி, புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

கிடைத்த தீர்ப்பை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டாம். சங்கதிகள் (வழக்கில் நடந்தவை), எழுந்த கேள்வி, கடைசிப் பத்திகள் போதும். சங்கதி நம் வழக்கோடு ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள், எவ்வளவு அழகான வாசகம் இருந்தாலும்.

ஒட்டுகிறதா? அப்போதுதான் உண்மையான வேலை. பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் இதை மேற்கோள் காட்டின என்ற பட்டியல் பக்கத்திலேயே இருக்கும். அதில் பெரிய அமர்வின், அதாவது கூடுதல் நீதிபதிகள் சேர்ந்து தந்த, தீர்ப்புகளையும் புதியவற்றையும் திறந்து, 'ஓவர்ரூல்டு' (பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது) என்ற சொல்லைத் தேடுங்கள். பூலாவதிக்கு அன்று இதைச் செய்திருந்தால் வினீதா சர்மா ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும். தமிழ்நாட்டுத் திருத்தம் பற்றிய மங்கம்மாள் தீர்ப்பும் அதே நாளில்தான் போனது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இ-எஸ்சிஆர் தளத்திலும், உயர் நீதிமன்றத் தீர்ப்பை இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தளத்திலும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டும் இலவசம். எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா ஆகிய தனியார் தளங்களுக்குக் காசு கட்ட வேண்டும். அவற்றில் தீர்ப்பின் மேலே வரும் தலைக்குறிப்பு, அதாவது சுருக்கம், நேரத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் அதை எழுதியது நீதிபதி அல்ல. ஏஐ-யிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இல்லாத வழக்குக்கும் அது கூசாமல் நம்பர் கொடுக்கும்.

கடைசியாக மூன்று நகல்: கோர்ட்டுக்கு, எதிர்த்தரப்புக்கு, நமக்கு. நமக்கு வேண்டிய பத்தியில் பென்சில் கோடு. சீனியர் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்.