படுத்தால் நார்மல், நின்றால் மயக்கம்: தன்னியக்க நரம்புக் கோளாறில் பெற்றோர் செய்யும் தவறுகள்

எழுந்து நின்றாலே கண் இருட்டிக்கொண்டு வருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று என் மகள் சொல்ல ஆரம்பித்தபோது அவளுக்கு 13 வயது. ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தோம். எல்லாமே நார்மல். "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் பள்ளிக்கூடம் போகத்தான் அவளுக்கு மனசில்லை என்று நாங்களும் முடிவு கட்டிவிட்டோம். கிட்டத்தட்ட ஒரு வருடம் அவள் சொன்னதை யாருமே நம்பவில்லை. அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது.

நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுதான். எல்லாப் பரிசோதனையும் அவளைப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோதான் செய்தார்கள். அவளுக்குக் கஷ்டம் வருவதோ நிற்கும்போது.

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம், உடல் சூடு என்று நாம் நினைக்காமலேயே நடக்கிற வேலைகளைப் பார்த்துக்கொள்வது தன்னியக்க நரம்பு மண்டலம். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். உடனே ரத்தக் குழாய்களை இறுக்கி அதைச் சமாளிப்பது இந்த நரம்புகள்தான். அது சரியாக நடக்காவிட்டால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமெடுக்கும். இந்த நரம்புக் கோளாறுகளில், வளரிளம் பருவத்தில் அதிகம் பார்க்கப்படும் வகைகளில் ஒன்றுக்கு 'போட்ஸ்' (POTS) என்று பெயர்; நின்றால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி ஏறுவதுதான் இதன் அடையாளம். 12 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு, நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், இந்தத் தொந்தரவுகள் மூன்று மாதமாவது நீடித்தால் மருத்துவர்கள் இதை யோசிப்பார்கள்.

அதனால் முதல் தவறு, நிற்க வைத்து அளக்காமலேயே 'நார்மல்' என்ற வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்புவது. "படுத்தபடியும் நின்றபடியும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. குழந்தையைப் பத்து நிமிடம் அமைதியாகப் படுக்க வைத்து அளக்க வேண்டும், பிறகு அசையாமல் நிற்க வைத்து பத்து நிமிடம்வரை இடையிடையே அளக்க வேண்டும். மருத்துவர் ஒப்புக்கொண்டால் வீட்டிலும் செய்து குறித்து வைக்கலாம். காலையில் செய்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பல குழந்தைகளுக்குக் காலையில்தான் தொந்தரவு அதிகம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் அந்த நொடியே படுக்க வைத்துவிட வேண்டும், கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேவைப்பட்டால் சாய்மேசைப் பரிசோதனைக்கு, அதாவது மேசையில் படுக்க வைத்து, மேசையையே நிமிர்த்தி நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வீட்டில் ஒரு நாள் அளந்து, 40 கூடியதைப் பார்த்ததும் நோயின் பெயரை முடிவு செய்துவிடுவது. காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கும், தண்ணீர் சரியாகக் குடிக்காத குழந்தைக்கும், ரத்தசோகை உள்ள குழந்தைக்கும் நாடி இப்படி ஏறும். தைராய்டு கோளாறு, அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு, சாப்பாட்டை ஒதுக்கும் மனநிலை, கவனக்குறைவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இவையும் காரணமாகலாம். இன்னொன்று: பெரியவர்களுக்கான அளவு 30. பிள்ளைகளுக்கு நாடி இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக ஏறும் என்பதால்தான் அவர்களுக்கு 40 என்று வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கான கணக்கைக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

அடுத்தது, 'பதற்றம்' என்ற வார்த்தை. எங்களை மிகவும் காயப்படுத்தியது அதுதான். இதயம் தறிகெட்டு அடித்து, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் பார்ப்பவருக்குப் பயம் போலத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் உதவும். படுத்தால் குறைகிறதா? மனசுக்குப் பிடித்த காரியத்தைச் செய்யும்போதும், நின்றால் வருகிறதா? வெந்நீரில் குளித்தால், வெயிலில் நின்றால் கூடுகிறதா? பதில்களைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். 'எப்போதும் தலைசுற்றுகிறது' என்பதைவிட, 'காலை வரிசையில் நின்ற ஐந்தாவது நிமிடம் கண் இருட்டியது, படுத்ததும் சரியாகிவிட்டது' என்ற ஒரு வரி மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

ஆனால் கோபத்தில் மனநல ஆலோசகரையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாங்கள் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தோம், அது தப்பு. நரம்புக் கோளாறும் பதற்றமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கலாம். மாதக்கணக்கில் யாரும் நம்பாத பிள்ளைக்கு மனசு நொந்துபோகாமல் இருக்குமா? ஆலோசகரிடம் போவதால் உடம்பில் உள்ள நோய் பொய்யாகிவிடாது.

சில அறிகுறிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுவது, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுவது, அலாரம் போன்ற திடீர் சத்தத்தில் விழுவது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் இதய மருத்துவரிடம் போக வேண்டும். இதயத்தின் மின்னோட்டக் கோளாறுகள் இப்படித்தான் தலைகாட்டும். சின்னக் குழந்தைகளின் கதை வேறு. தூக்கத்தில் மூச்சு குறைந்து நீலம் பாய்வது, அழுதால் கண்ணீரே வராதது, வியர்க்காமல் அடிக்கடி உடம்பு கொதிப்பது, ஒரு கண்ணின் பாவை மட்டும் சிறுத்து இமை தொங்குவது இவை அரிதான, ஆனால் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள். பிறவியிலேயே வரும் இத்தகைய கோளாறுகள் சிலவற்றை மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்ய முடியும்.

சரி, நோய் இன்னதென்று தெரிந்தாயிற்று. அப்புறம் பலரும் எதிர்பார்ப்பது ஒரு மாத்திரை. போட்ஸில் சிகிச்சையின் அடித்தளம் தண்ணீர், உப்பு, இறுக்கமான காலுறை, உடற்பயிற்சி இந்த நான்கும்தான். வளரிளம் பிள்ளைகளுக்கு நாளெல்லாம் பிரித்து 2 முதல் 3 லிட்டர்வரை தண்ணீர் குடிக்கச் சொல்வது வழக்கம். உப்பை எவ்வளவு கூட்டலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சிறுநீரகக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் அது ஆபத்து. காலுறை முழங்காலோடு நின்றால் பலன் குறைவு, ரத்தம் வயிற்றிலும் தேங்குவதால் இடுப்புவரை வருவது நல்லது.

அதிகம் பேர் தடுமாறுவது உடற்பயிற்சியில். பாவம், முடியவில்லையே என்று மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். படுத்தே கிடந்தால் உடம்பில் ரத்தத்தின் அளவு குறையும், இதயத் தசை இளைக்கும், நிற்பது இன்னும் கஷ்டமாகும். இல்லாவிட்டால், 'ஓடினால் எல்லாம் சரியாகும்' என்று மைதானத்துக்கு விரட்டுவார்கள். இரண்டுமே வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்புப் பயிற்சி, படுத்தபடி செய்யும் கால் பயிற்சிகள் என்று சில நிமிடங்களில் தொடங்கி, வாரம் வாரம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் சோர்வு கூடும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். பலரும் அந்த முதல் வாரங்களிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்போது வேறொரு குழந்தைக்குக் கொடுத்த சீட்டைப் பார்த்து அதையே கேட்காதீர்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஆகாது. ரத்தக் குழாய்களை இறுக்கும் மிடோடிரின் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரத்துக்குள் படுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறலாம். உடம்பில் உப்பையும் நீரையும் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் பொட்டாசியத்தைக் குறைக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

இதயத்துக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று அலைந்து, யாருக்கும் முழுக் கதை தெரியாமல் போவதும் நடக்கிறது. குழந்தை நல மருத்துவர் ஒருவரை மையமாக வைத்துக்கொண்டு, எல்லா ஆவணங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் இதற்கும் அடிக்கடி தொடர்பு இருக்கிறது.

பள்ளிக்குக் கடிதம் கொடுக்கும்போது மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். குழந்தை தள்ளாடினால் எல்லோரும் ஓடிவந்து தாங்கிப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தப் பார்ப்பார்கள், நாற்காலியில் நேராக உட்கார வைப்பார்கள். அப்படிச் செய்தால் மூளைக்கு ரத்தம் திரும்புவது தாமதமாகும். அந்த இடத்திலேயே தரையில் படுக்க வைத்து, காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். என் மகளின் தோழிகள் இரண்டு பேருக்கு இதை வீட்டில் வைத்துச் செய்து காட்டினேன்.