முதல் பத்து நிமிடம் தூண்டிலைத் தொடாதீர்கள்

நான் விருதுநகர்க்காரன். தண்ணீர் லாரி வருகிற நாள்தான் எங்கள் தெருவில் திருவிழா. கடல் என்றால் வருடத்துக்கு ஒருமுறை திருச்செந்தூரில் முங்கி எழுவதோடு சரி. வேலைக்காக அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மோபீல் ஊருக்கு வந்தவன், பழைய 20 அடி பே போட் ஒன்றை வாங்கி, ஏழு வருடமாக ஆரஞ்ச் பீச் என்ற கடற்கரை ஊருக்கு வெளியே ரீஃப்களில், அதாவது மீன் கூடுவதற்காகக் கடலடியில் போட்டுவைத்த செயற்கைத் திட்டுகளில், மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்து "அண்ணே, சின்னப் படகை வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போக முடியுமா?" என்று கேட்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முடியும். ஆனால் இந்த ஏழு வருடத்தில் நான் வெறுங்கையோடு திரும்பிய நாள்களை எண்ணினால், முக்கால்வாசி ஒரே தப்பால் வந்தவை. ரீஃபுக்கு மேலே போய் நின்றதும் ஆசையில் தூண்டிலைப் போட்டுவிடுவேன்.

முதலில் அங்கே கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அலபாமாவுக்கு மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி இருப்பது 53 மைல் கடற்கரைதான். அதற்கு எதிரே கடலடி பெரும்பாலும் மணலும் சேறும். எங்கள் ஊர்ப் பொட்டல் மாதிரி. பொட்டலில் ஒற்றைக் கருவேலமரம் நின்றால் சுற்றுவட்டார ஆடெல்லாம் அதன் நிழலில்தானே கிடக்கும்? அதே கணக்குத்தான். 1953இல் ஆரஞ்ச் பீச் படகுக்காரர்கள் 250 பழைய கார்களின் கூடுகளைக் கடலில் இறக்கினார்கள். 1970களில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சரக்குக் கப்பல்களான லிபர்ட்டி கப்பல்கள் ஐந்து மூழ்கடிக்கப்பட்டன. 1990களில் ராணுவம் கழித்துப்போட்ட 100 எம்-60 டாங்கிகள் வந்து சேர்ந்தன. சின்னப் படகுக்காரர்களான நமக்குக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் கான்கிரீட் பிரமிடுகளும் இடிபாட்டுக் குவியல்களும் போதும். மாநில அரசு போட்டவற்றின் ஜிபிஎஸ் எண்களை மாநில மீன்வளத் துறையே தன் தளத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. காசு கொடுத்து 'ரகசிய இடம்' வாங்காதீர்கள். நான் வாங்கினேன். போய்ப் பார்த்தால் வெறும் மணல்.

ஒரே ஒரு ரீஃபை நம்பியும் போகாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து இருக்கிற இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வேறு படகு நின்றால் அடுத்ததற்குப் போய்விடலாம். நிற்கிறவர் பக்கத்தில் போய் ஒட்டுவது இங்கே பெரிய மரியாதைக்குறைவு.

சரி, போகலாமா வேண்டாமா என்பது முந்தின ராத்திரியே முடிவாகிவிட வேண்டும். பே போட் விரிகுடாவுக்குள் ஓடச் செய்த படகு. விளிம்பு தாழ்வு, அடிப்பாகமும் அவ்வளவு கூர்மையில்லை. என் கணக்கு: காற்றின் வேகம் 10 நாட் (knot) அளவுக்குள், அலை 2 அடிக்குள். உயரத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு அலைக்கு நடுவே எத்தனை நொடி என்றும் பாருங்கள். 2 அடி அலை 7 நொடிக்கு ஒன்று வந்தால் தொட்டில். அதே 2 அடி 3 நொடிக்கு ஒன்று வந்தால் அம்மியில் வைத்து அரைத்த மாதிரி இருக்கும். வெளியே மிதக்கும் 42012 என்ற அரசு மிதவை அந்த நேரத்து அலையையும் காற்றையும் அப்படியே சொல்லும். ராத்திரி ஒருமுறை, காலையில் படகை இறக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

வெளியே போகிற வழி பெர்டிடோ பாஸ். கடல் வற்றி உள்ளிருந்து தண்ணீர் வெளியே பாயும்போது எதிரே தெற்குக் காற்றும் அடித்தால், அந்தக் குறுகிய வாயில் அலை செங்குத்தாக எழும். வெளியே கடல் அமைதியாக இருக்கும், வாயில் மட்டும் பேயாட்டம். ஒருநாள் அப்படி நுழைந்து, முன்னால் உட்கார்ந்திருந்த என் மச்சினன் தலையோடு காலாக நனைந்து "அத்தான், திரும்பிருவோமா?" என்றான். திரும்பினோம். அரை மணி பொறுத்துப் பார்த்தோம், அடங்கவில்லை. அன்று உள்ளேயே சுற்றிவிட்டு வந்தோம். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து அது சட்டம். விஎச்எஃப் ரேடியோ, ஆபத்தில் கூப்பிடுவதற்கான 16ஆம் சேனலில் இருக்கட்டும். கரையில் ஒருவருக்கு எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இனி அந்தப் பத்து நிமிடம்.

ரீஃபுக்கு நூறு கெஜம் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, நடக்கிற வேகத்தில் ஒரு சுற்று வாருங்கள். கீழே இருப்பதை ஒலியால் அறிந்து திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் கடலடி ஒரே கோடாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பல் முளைத்த மாதிரி ஒரு கூர் எழும். அதுதான் பிரமிடு. அதன் தலைக்கு மேலே அள்ளித் தெளித்த உளுந்து மாதிரி புள்ளிகள் இருந்தால் சின்ன மீன். அதற்கும் மேலே, ஒரு பக்கமாகத் தள்ளி, தடித்த பிறைகள் நாலைந்து தெரிந்தால் அவைதான் நாம் தேடி வந்தவை. எந்தப் பக்கம் தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் நீரோட்டம் வருகிற முகத்தில்தான் நிற்கும்.

அந்த இடத்தில் குறி வைத்துவிட்டு எஞ்சினை நியூட்ரலில் போட்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று திரையில் கோடு விழும். அதில் பாதி காற்றின் வேலை, பாதி நீரின் வேலை. காற்றைக் கழித்து நீரை மட்டும் அறிய, இரை கோக்காமல் ஒரு ஈயக்குண்டை அடிவரை விட்டு நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு இது ரொம்ப முக்கியம். மோபீல் விரிகுடாவிலிருந்து வரும் பழுப்பு ஆற்றுநீர், உப்புத் தண்ணீரின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு பக்கம் நகரும். கீழே பச்சைத் தண்ணீர் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். மேலே பார்த்து நின்றால் இரை ரீஃபின் தப்பான பக்கத்தில் போய் உட்காரும்.

நீரின் போக்கு தெரிந்ததும், ரீஃபிலிருந்து நீரோட்டம் வருகிற பக்கமாக 15, 20 கெஜம் தள்ளிப் படகை நிறுத்துங்கள். போட்ட இரை இறங்க இறங்க ரீஃபை நோக்கி நகர்ந்து, அதைத் தொடுவதற்கு முன்னால் நிற்க வேண்டும். மீன் வெளியே வந்து கவ்வும். கவ்வியதும் பிரமிடுக்கு எதிர்த்திசையில் இழுக்கிறோம். நேர் மேலே நின்று போட்டால், முதல் இழுப்பிலேயே அது ஓட்டைக்குள் நுழைந்து நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும்.

நிறுத்துவதற்கு, ஜிபிஎஸ் பார்த்துப் படகை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் ட்ரோலிங் மோட்டார் (சின்ன மின்மோட்டார்) இருந்தால் பாதி வேலை முடிந்தது. விலை அதிகம்தான். அது வாங்குவதற்கு முன்னால் நங்கூரம் போட்டுத்தான் பழகினேன். ஒருநாள் கொக்கி கான்கிரீட்டில் மாட்டி, பின்பக்கம் கட்டி எஞ்சினால் இழுக்கலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். பக்கத்துப் படகிலிருந்த பெரியவர் கத்தியே தடுத்துவிட்டார். பின்பக்கத்திலிருந்து நங்கூரத்தை இழுத்தால் படகின் பின்புறம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கயிற்றை அறுத்துவிட்டேன். நங்கூரமும் பன்னிரண்டு அடிச் சங்கிலியும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. நானும் ரீஃபுக்கு ஏதோ கொடுத்திருக்கிறேன்.

சாமான்கள் எளிமையானவை. முள்ளுக்கு மேலே கட்டும் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு (லீடர்) மூன்று அடி, அதில் முள்ளை இடிக்கிற மாதிரி தளர்வாக ஓடும் ஒன்றரை, இரண்டு அவுன்ஸ் ஈயக்குண்டு, 5/0 அளவில் சர்க்கிள் ஹூக் என்ற, முனை உள்பக்கம் வளைந்த முள். காலையில் புல்தரையுள்ள ஆழம் குறைந்த இடத்தில், சின்ன முள்கள் கோத்த சபிக்கியில் இறால் துணுக்கு வைத்தால் இரைக்கு ஆகும் சின்ன மீனான பின்ஃபிஷ் உயிரோடு இருபது கிடைக்கும். மூக்கு வழியாகக் கோத்துவிடுங்கள், நீந்திக்கொண்டே இறங்கும்.

60 அடி ஆழம் என்றால் முதல் இரையை 30 அடியிலேயே நிறுத்துங்கள். பெரியவர்கள் மாடியில் இருப்பார்கள், பொடிசுகள் தரைத்தளத்தில். அடிக்குப் போனால் 'டொக்' என்று குண்டு கான்கிரீட்டில் தட்டியதும் ஆறேழு சுற்று மேலே எடுத்துவிடுங்கள். மீன் கடித்ததும் நம்மூர்ப் பழக்கத்தில் கோலை வெடுக்கென்று தூக்காதீர்கள். சர்க்கிள் ஹூக் அப்படித் தூக்கினால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். கோல் தானாக வளையும்வரை பொறுத்து, நிதானமாக ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். முள் தானே கடைவாயில் ஏறிக்கொள்ளும்.

கிடைப்பது பெரும்பாலும் ரெட் ஸ்னாப்பர். நம் சந்தையில் பார்க்கிற சங்கராவின் பெரிய அண்ணன். தலைக்கு இரண்டு, குறைந்தது 16 அங்குலம். பருவம் எப்போது என்பதை ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொள்ளுங்கள், மாறும். மீன்பிடி உரிமத்தோடு ரீஃப் மீனுக்கான தனி ஒப்புதலும் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஷீப்ஸ்ஹெட் வரும். இறாலும் நண்டும்தான் அதற்குப் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் ரீஃபைச் சுற்றியுள்ள மணலில் ஃப்ளவுண்டர் படுத்திருக்கும்.

அளவுக்குக் குறைந்ததைத் திருப்பி விடும்போது கவனம். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்த மீனுக்குள் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கி நிற்கும். அப்படியே தூக்கிப் போட்டால் பலூன் மாதிரி மல்லாந்து மிதக்கும். எடை கட்டிய கவ்வியைக் கீழ்த்தாடையில் மாட்டி 40 அடிக்கு இறக்கினால், அழுத்தத்தில் காற்று சுருங்கி, தானே உதறிக்கொண்டு நீந்திப் போகும். மாநில எல்லைக்கு வெளியே மத்திய அரசின் கடலில் இந்தக் கருவியோ காற்றிறக்கும் ஊசியோ கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று 2022இல் கட்டாயமாக்கினார்கள். டால்ஃபின்கள் வந்து படகைச் சுற்றினால் அடுத்த ரீஃபுக்குக் கிளம்பிவிடுங்கள். நீங்கள் விடுகிற மீனெல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு.

கோடையில் மதியத்துக்கு முன் கரை திரும்பிவிட வேண்டும். வடக்கே கருத்த மேகம் காலிஃப்ளவர் மாதிரி எழும்பத் தொடங்கினால் 'இன்னும் ஒரு மீன்' என்ற பேச்சே கூடாது. கரை ஏறும் முன் போனிலேயே ஸ்னாப்பர் செக் என்ற மாநிலத்தின் பதிவு முறையில் பிடித்த ஸ்னாப்பர் எண்ணிக்கையைப் பதிந்துவிடுங்கள். படகுக்கு ஒருவர் பதிந்தால் போதும். 2014இலிருந்து கட்டாயம்.

மீன் அறுக்கும் மேசையில் பக்கத்து ஆள் இரண்டு பக்கமும் சதையைச் சீவிக்கொண்டு தலையைக் குப்பையில் போடப் போவார். கூச்சப்படாமல் கேளுங்கள், இதுவரை யாரும் எனக்கு இல்லை என்று சொன்னதில்லை. "என்னங்க, மீன் கொஞ்சம், தலை ஏழு?" என்று வீட்டில் கேட்பார்கள். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைக்கச் சொல்லுங்கள்.