கனடாவில் குடியுரிமை வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை

வந்த புதிதில் எல்லோரும் கேட்பது, குடியுரிமை எப்போது கிடைக்கும் என்பதுதான். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் இங்கே இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். சரி, அதுவரை? நாம் வந்தேறிகள், எதையும் கேட்கக்கூடாது என்று ஒதுங்கி இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வாக்குரிமை இல்லை, உண்மைதான். ஆனால் 1982-இல் வந்த உரிமைகள் சாசனத்தில் உள்ள பேச்சுச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் சட்டத்தின் முன் சமத்துவமும் குடிமக்களுக்கு மட்டுமானவை அல்ல, இங்கே வாழும் உங்களுக்கும் உண்டு.

அப்புறம், எதற்கு யாரிடம் போவது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி அலைச்சல் குறையும். குடிவரவு, பாஸ்போர்ட் எல்லாம் மத்திய அரசு. சுகாதார அட்டை, ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம் மாகாண அரசு. குப்பை, தெருவில் குவிந்த பனி, நூலகம் மாநகரசபை. ரொறன்ரோவில் இருந்தால் 311-ஐ அழைத்தாலே போதும். குடிவரவு விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். முடிவை அவர்களால் மாற்ற முடியாது, ஆனால் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்வார்கள், காசும் வாங்கமாட்டார்கள், நீங்கள் வாக்காளராக இருக்க வேண்டும் என்றும் இல்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். இந்த ஒரு விவரம் தெரியாமல் முகவர்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கனடியராக வேண்டுமானால் தமிழை விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பன்முகப் பண்பாடு இங்கே 1971 முதல் அரசின் கொள்கை, 1988 முதல் சட்டம். ரொறன்ரோப் பகுதியில் பள்ளிச் சபைகளே தமிழ் வகுப்பு நடத்துகின்றன, உயர்நிலைப் பள்ளியில் தமிழுக்கு கிரெடிட்டும் (பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் சேரும் அலகு) உண்டு, பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் விஷயம் மட்டும் வேறு: கனடா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இலங்கையும் விண்ணப்பித்தால் அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இதை யோசித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

5 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும். வேலை அனுமதியிலோ அகதிக் கோரிக்கையிலோ இருப்பவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். அதில் தாய்மொழி கேட்பார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் என்று போட்டுவிடாதீர்கள், தமிழ் என்றே எழுதுங்கள்.