ஏ9இல் ஓட்டமும் வேணும், கிரவல் பாதையில் இழுவையும் வேணும்: ஸ்ப்ரொக்கெட் பல் தெரிவு செய்வது எப்படி?

வன்னியில் பலருக்கு எல்லா வேலைக்கும் ஒரே மோட்டார் சைக்கிள்தான். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ9இல் ஓடுவதும் அதுதான், மாங்குளத்தில் திரும்பி மல்லாவிப் பக்கம் உரமூட்டையோடு கிரவல் பாதையில் போவதும் அதுதான். கார்பெட் வீதியில் எஞ்சின் கத்துகிறது, வயல் பாதையில் இழுக்குதில்லை என்று இரண்டு குறையையும் ஒரே ஆளே சொல்வார். ஸ்ப்ரொக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தை (முன்னது எஞ்சினில், பின்னது பின்சில்லில்) மாற்றி இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது. எதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

100 முதல் 150 சிசி வரையான கியர் பைக்குகளை வைத்து எழுதுகிறேன். ஸ்கூட்டிக்கும் இப்படிச் செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதில் ஓடுவது பெல்ட், இந்தக் கணக்கு அதற்குச் சரிவராது.

படி 1: பல்லை எண்ணுங்கள்

மண்ணெண்ணெயால் கழுவினால் ஸ்ப்ரொக்கெட்டின் முகத்திலேயே பெரும்பாலும் எண் அடித்திருக்கும். இல்லாவிட்டால் சோக்கால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணுங்கள். செகண்ட் ஹாண்ட் பைக் என்றால் கொம்பனி எண்ணை நம்ப வேண்டாம், முன்னர் வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ யாருக்குத் தெரியும்.

பின்பல்லை முன்பல்லால் வகுக்க வேண்டும். முன் 14, பின் 42 என்றால் 3.00. இந்த எண் கூடினால் இழுவை கூடும். குறைந்தால் அதே எஞ்சின் சுற்றில் வேகம் கூடும். 14/42இல் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் என்ன சுற்றுச் சுற்றுகிறதோ, அதே சுற்றில் 15/42 (2.80) ஏறக்குறைய 64இல் போகும், 13/42 (3.23) 56இல், 14/44 (3.14) 57இல். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

படி 2: காசு கொடுக்க முன் வீதியில் பாருங்கள்

முன்பல்லைக் கூட்டினால் டொப் ஸ்பீட் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். எஞ்சினிடம் சக்தி மிச்சம் இருந்தால்தான் அது நடக்கும். வேகம் ஏற ஏற, காற்றைத் தள்ளுவதற்கே பெரும் சக்தி போய்விடும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து தெற்கே போய்ப் பாருங்கள். பின்னால் ஒரு ஆளும் இருந்தால், டொப் கியரில் திறொட்டிலை முழுக்கத் திருகியும் வேகம் மெல்லமெல்ல இறங்கும், கியரைக் குறைக்க வேண்டி வரும். உங்கள் பைக்கும் அப்படித்தான் என்றால் 15 பல் போடவே வேண்டாம். இருக்கிற டொப் கியரும் பயன்படாமல் போய்விடும்.

எதிர்க்காற்றிலும் உங்கள் வழக்கமான வேகத்தில் திறொட்டில் பாதிதான் திறந்திருக்கிறது, எஞ்சின் மட்டும் வீணாகக் கத்துகிறது என்றால், முன்னால் ஒரு பல் கூட்டலாம். தனியாக ஏ9இலேயே ஓடுபவர்களுக்கு அது நல்லது.

வயல் பாதைக்கான சோதனை இன்னும் சுலபம். சுமையோடு முதலாம் கியரில் கிளப்பும்போது கிளச்சை நீண்ட நேரம் அரைப்பிடியில் வைத்திருக்க வேண்டியிருந்தால் இழுவை போதாது.

என் தெரிவு? இரண்டு பாதையிலும் ஓடுபவர் பின்னால் இரண்டு பல் கூட்டினால் போதும். முன்னால் 13 போடுவது மலிவு, வேலையும் குறைவு. ஆனால் செயின் அந்தச் சின்னச் சக்கரத்தில் அதிகமாக வளைந்து ஓடுவதால் சீக்கிரம் தேயும். கிரவல் தூசிக்குள் அது இன்னும் மோசம்.

படி 3: செயின் நீளம்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய செயினில் 42க்குப் பதிலாக 44 பல் பின் ஸ்ப்ரொக்கெட்டைப் போட்டுப் பார்த்தால் அழகாகப் பொருந்தும். காரணம், அந்தச் செயின் தேய்ந்து நீண்டிருக்கும், பின்சில்லின் அச்சும் ஏற்கெனவே பின்னால் தள்ளியிருக்கும். அதே எண்ணிக்கைக் கண்ணியோடு புதுச் செயின் மாட்டும்போதுதான் சில்லை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் செயினின் இரு முனையையும் சேர்க்கும் பூட்டுக் கண்ணி எட்டாது.

428 அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. பின்னால் இரண்டு பல் கூட்டினால் அச்சு ஏறக்குறைய 6 மி.மீ. முன்னால் வர வேண்டும். அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்கிறதா என்று புதுச் செயினை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கண்ணி நீளமான செயின் கேட்டு வாங்குங்கள். அப்போது அச்சு அந்த முன் இடத்திலிருந்து 12 மி.மீ. அளவு பின்னால் போகும், அதற்கும் இடம் வேண்டும். ஒற்றைக் கண்ணி ஒட்டுப் போட்டுத் தருகிறோம் என்பார்கள், நான் போடமாட்டேன்.

பழைய செயினைப் புதுப் பல்லில் ஓட்டவும் கூடாது. பின் ஸ்ப்ரொக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின், முன்பல், பின்பல் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

படி 4: மாட்டுதல்

முன் ஸ்ப்ரொக்கெட்டின் நட்டை, செயின் இருக்கும்போதே, பின் பிரேக்கை ஒருவர் மிதித்திருக்கத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். ரிங் ஸ்பனர் அல்லது சொக்கெட்தான் பாவியுங்கள், ஷிஃப்டிங் ஸ்பனர் நட்டின் மூலையை உருட்டிவிடும். பெரிய முன்பல் போட்டால் கவரைப் பூட்டி, சில்லைக் கையால் சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று கேளுங்கள்.

பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தளர்வைச் செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள், அளவு பைக்கின் கைநூலில் இருக்கும். மூட்டை ஏற்றுபவர்கள் பின் இருக்கையில் ஒருவரை இருத்திவிட்டும் பார்க்க வேண்டும், பாரத்தில் செயின் இறுகும்.

அச்சு நகர்ந்ததால் பின் டிரம் பிரேக் கம்பியின் இறுக்கமும் மாறியிருக்கும். பெடலை மிதித்துச் சரிசெய்த பிறகே வீதிக்கு எடுங்கள்.

செயினுக்குப் போடும் எண்ணெய்க்கு 90 கியர் ஒயில். கழித்த எஞ்சின் ஒயில் ஊற்றினால் அதிலிருக்கும் அழுக்கும் சேர்ந்து செயினுக்குள் போகும்.

ஸ்பீடோ மீட்டர் பொய் சொல்லுமா என்றும் கேட்கிறார்கள். கேபிள் முன்சில்லுக்குப் போனால் ஒன்றும் மாறாது. கியர் பெட்டிப் பக்கமிருந்து எடுக்கும் பைக்கில், பின்னால் இரண்டு பல் கூட்டினால் உண்மையான 57ஐ அது 60 என்று காட்டும்.