இணையவழிப் பயிற்சிக்கு அச்சிடத்தக்க நிறைவுச் சான்றிதழ் சேர்ப்பது எப்படி?

பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஒருவர் உதகைக்கு வந்து ஒரு பயிற்சியில் உட்கார வேண்டுமானால், அன்றைய கூலியையும் பேருந்தில் கழியும் நேரத்தையும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதனால் தேயிலைக் கவாத்து, பாதுகாப்பான மருந்துத் தெளிப்பு, தங்கும் விடுதி நடத்துதல் போன்ற பயிற்சிகளை இணையவழியில் நடத்துவது நீலகிரிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் கைப்பேசியில் படித்து முடித்தவரும் கடைசியில் கேட்பது, கோப்பில் வைத்து நாலு பேரிடம் காட்டத்தக்க ஒரு தாளைத்தான். அந்தத் தாளைப் பயிற்சித் தளமே தானாக உருவாக்கித் தருமாறு அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். 2002-இல் முதல் பதிப்பு வெளியான மூடுல் என்னும், இணையவழிப் பாடங்களை நடத்த உதவும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். உரிமக் கட்டணம் இல்லாததால் சிறிய அமைப்புகளும் அதைப் பயன்படுத்த முடிகிறது.

பெரும்பாலோர் சான்றிதழின் வடிவமைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வரிசை. யாருக்கு, எதற்காக, எந்தப் பெயரில் வழங்குகிறோம் என்பது முடிவான பிறகே ஓரப் பூவேலையைப் பற்றிப் பேச வேண்டும். "பங்கேற்றார்", "நிறைவு செய்தார்", "தேர்ச்சி பெற்றார்" ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு உறுதிமொழிகள். காணொளிகளை ஓடவிட்டவருக்கெல்லாம் "தேர்ச்சி பெற்றார்" என்று அச்சிட்டுக் கொடுத்தால், அந்தத் தாளை நம்பி வேலை கொடுக்கும் தோட்ட நிர்வாகம் அடுத்த முறை உங்கள் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காது.

நிபந்தனைகளை அமைத்தல்

மூடுலின் தள நிர்வாகப் பகுதியில், மேம்பட்ட வசதிகளின் கீழ், 'கம்ப்ளீஷன் டிராக்கிங்' (யார் எதை முடித்தார் என்று கண்காணிக்கும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பின் பாடத்தின் அமைப்புகளிலும் அதை இயக்கி, ஒவ்வொரு பாடப் பகுதிக்கும் எப்போது அது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதைக் குறிப்பிட வேண்டும். பக்கத்தைத் திறந்தாலே போதும் என்பது மிகத் தளர்வான நிபந்தனை. தேர்வுக்குத் தேர்ச்சி மதிப்பெண் ஒன்றை நிர்ணயித்து, அதைப் பெற்றால்தான் நிறைவு என்று வைப்பது நல்லது.

சான்றிதழ் வசதி மூடுலுடன் சேர்ந்து வருவதில்லை. 'கஸ்டம் சர்டிஃபிகேட்' என்ற செருகுநிரலை (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலை) மூடுலின் செருகுநிரல் பட்டியலிலிருந்து நிர்வாகி நிறுவிய பிறகு, பாடத்தில் மற்றொரு செயல்பாட்டைச் சேர்ப்பதுபோலவே சான்றிதழையும் சேர்க்கலாம். சேர்த்தவுடன் 'ரெஸ்ட்ரிக்ட் ஆக்ஸஸ்' பகுதிக்குச் சென்று, தேர்வும் பிற கட்டாயப் பகுதிகளும் முடிந்தால்தான் சான்றிதழ் திறக்கும் என்று நிபந்தனை இடுங்கள். அங்கே தெரியும் கண் குறியை மூடாமல் விட்டுவைத்தால், இன்னும் எது பாக்கி என்பது கற்பவருக்கே தெரியும். மூடிவிட்டால், சான்றிதழையே காணோம் என்று உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

அதே பக்கத்தில் உள்ள பாதுகாப்பு அமைப்புகளில் அச்சிடுதல், மாற்றுதல், நகலெடுத்தல் ஆகியவற்றைத் தடுக்கும் தெரிவுகள் உண்டு. பாதுகாப்புதானே என்று மூன்றையும் தேர்வு செய்துவிட்டால், அச்சிடுவதற்காகவே உருவாக்கிய கோப்பை அச்சிட முடியாமல் போகும். மாற்றுதலை மட்டும் தடுத்தால் போதும்.

பெயர் என்னும் சிக்கல்

மென்பொருள் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும். கடைசிப் பெயரைக் கட்டாயமாக நிரப்ப வேண்டும் என்பதால் சிலர் முன்னெழுத்தை அங்கே இடுகிறார்கள், சிலர் ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விளைவாக ஒரு சான்றிதழில் "முருகன் க" என்றும், அடுத்ததில் பெயருக்குப் பின்னால் தனியே நிற்கும் ஒரு புள்ளியுடனும் அச்சாகிறது. பழங்குடிக் கிராமங்களிலிருந்து சேர்பவர்களில் முன்னெழுத்தே பயன்படுத்தாதவர்களும் இருப்பதால், இந்தப் புள்ளி நீலகிரியில் நாம் நினைப்பதைவிட அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

இதற்கு நல்ல தீர்வு, பயனர் விவரத்தில் "சான்றிதழில் அச்சிட வேண்டிய பெயர்" என்று ஒரு தனிக் கட்டத்தை நிர்வாகி உருவாக்கி, ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழிலோ உள்ளபடி அதை நிரப்புமாறு பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவதாகும். சான்றிதழை வடிவமைக்கும்போது 'ஸ்டூடண்ட் நேம்' என்ற உறுப்புக்குப் பதிலாக 'யூசர் ஃபீல்ட்' என்பதைச் சேர்த்து இந்தக் கட்டத்தைச் சுட்டினால் போதும். பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டிருப்பதால், தமிழ்ச் சான்றிதழில் "கே. முருகன்" என்பதா "க. முருகன்" என்பதா என்ற கேள்வியையும் அப்போதே தீர்த்துவிடலாம்.

பக்கத்தை அமைத்தல்

கிடைமட்டமான ஏ4 தாளுக்கு அகலம் 297 மில்லிமீட்டர், உயரம் 210 மில்லிமீட்டர். பின்னணிப் படத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் செய்தால் அது 3508-க்கு 2480 பிக்சல் வரும். அதை பிஎன்ஜி வகைப் படமாக வைத்தால் கோப்பு கனத்துவிடும் என்பதால் ஜேபெக்காகச் சேமியுங்கள். நம் கற்பவர்களில் பலர் இந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஊரிலுள்ள ஜெராக்ஸ் கடையில்தான் அச்செடுப்பார்கள். அதே காரணத்துக்காகப் பின்னணியை வெண்மையாகவே விடுங்கள்: பக்கம் முழுவதும் பச்சையைப் பூசினால் கடைக்காரர் கூடுதல் காசு கேட்பார், கறுப்பு வெள்ளையில் எடுத்தாலோ எழுத்தே தெரியாது. ஓரக் கோட்டைத் தாளின் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். சாதாரண அச்சு இயந்திரங்களால் விளிம்புவரை அச்சிட முடியாது.

பெயரின் இடத்தை இடது ஓரத்திலிருந்து அளந்து வைத்தால், "மாதி" என்ற பெயர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், "பாலசுப்பிரமணியன்" மறுபக்கம் இடிக்கும். ஆகவே அதன் சார்புப் புள்ளியை (பெயரின் எந்தப் பகுதியிலிருந்து இடம் அளக்கப்படுகிறது என்பதை) மேல்நடு என்று தேர்ந்தெடுத்து, கிடைமட்ட அளவை அகலத்தில் ஏறத்தாழப் பாதியாகிய 148 என்று கொடுங்கள்.

தேதியிலும் கவனம் தேவை. இன்றைய தேதி என்ற தெரிவை எடுத்தால் அச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி மாறும். வழங்கிய தேதி என்பது கற்பவர் சான்றிதழை முதன்முதலில் பெற்ற நாளைக் குறிப்பதால், மார்ச்சில் படிப்பை முடித்துவிட்டு ஜூனில் திறந்தவருக்கு ஜூன் மாதமே அச்சாகும். நிறைவுத் தேதிதான் பொருத்தமானது. ஆனால் அதற்குப் பாடத்தின் நிறைவு நிபந்தனையையும் தனியே அமைத்திருக்க வேண்டும். முன்னோட்டத்தில் ஒரு மாதிரித் தேதி தென்படுவதை நம்பிவிடாமல், கற்பவர் கணக்கு ஒன்றை உருவாக்கி, பாடத்தை உண்மையாகவே முடித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்து சிதைவது ஏன்?

மூடுல் பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கப் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் என்ற நிரல் தொகுப்புக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. ஒருங்குறியில் (யூனிகோடில்) "மே" என்ற எழுத்து, முதலில் மகரமும் அடுத்து ஏகாரக் கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும் மென்பொருள்தான் கொம்பை மகரத்துக்கு முன்னால் நகர்த்த வேண்டும். அந்த வேலை நடக்காதபோது கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, "மேகலா" என்ற பெயர் "மகேலா" என்று அச்சாகிறது. "கூடலூர்" என்பதில் கூ, லூ இரண்டுமே உருக்குலைகின்றன. ஹெல்வெட்டிகா, டைம்ஸ் போன்ற எழுத்துருக்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த அரைகுறைத் தமிழ்கூடக் கிடைக்காது, கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாக வரும். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கோளாறு எழுத்துருவில் இல்லை.

எளிய வழி, எல்லோருக்கும் பொதுவான தமிழ் வரிகள் அனைத்தையும், அதாவது தலைப்பு, பயிற்சியின் பெயர், உறுதிமொழி வாசகம் ஆகியவற்றை, இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் எழுதிப் பின்னணிப் படமாகவே மாற்றிவிடுவதாகும். படத்துக்குள் போய்விட்ட எழுத்தை எந்த நிரலும் சிதைக்க முடியாது. மாறக்கூடிய பெயரையும் தேதியையும் மட்டும் மூடுல் அச்சிடும். பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். வங்கியிலும் வேலை கேட்கும் இடங்களிலும் ஆங்கில எழுத்திலுள்ள பெயரையே பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதால், இது பல அமைப்புகளுக்குப் போதுமானதாகவே இருக்கும்.

பெயரும் தமிழில்தான் வேண்டும் என்றால், சிறு தொகுதிகளுக்கு லிப்ரெஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளின் அஞ்சல் இணைப்பு (மெயில் மெர்ஜ்) வசதியைப் பரிந்துரைப்பேன். சான்றிதழ் செயல்பாட்டில், பெற்றவர்களின் பட்டியலை அவரவர் சரிபார்ப்புக் குறியீட்டுடன் அட்டவணைக் கோப்பாக இறக்கி, தமிழ்ப் பெயருக்கு ஒரு பத்தியைச் சேர்த்து, லிப்ரெஆபீஸின் எழுதும் செயலியான ரைட்டரில் வடிவமைத்த பக்கத்துடன் இணைத்தால், ஆளுக்கொரு பக்கமாகப் பிடிஎஃப் கிடைக்கும். 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரெஆபீஸ் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கோப்பு நிரலைப் பயன்படுத்துவதால் கொம்புகள் இடம் மாறுவதில்லை. மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துவடிவு என்ற தெரிவை இயக்கி, அதற்குரிய கட்டத்தில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். வழக்கமான எழுத்துருக் கட்டத்தில் மாற்றினால் தமிழுக்கு அது பொருந்தாது. ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியல் கையிலிருந்தால், இணைப்பதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நூற்றுக்கணக்கானோர் படிக்கும் தளத்துக்கு இது கட்டுப்படியாகாது. இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த எம்பிடிஎஃப் தொகுப்பைக் கொண்டு தனி நிரல் எழுதுமாறு ஒரு நிரலாளரைக் கேட்பதே சரி. மூடுலே இல்லாமல் கூகுள் படிவத்தில் தேர்வு நடத்துபவர்கள், ஆட்டோகிராட் என்ற கூடுதல் நிரலைக் கொண்டு விடைத்தாள் அட்டவணையையும் கூகுள் ஸ்லைட்ஸ் பக்கத்தையும் இணைக்கலாம்.

தாளும் சரிபார்ப்பும்

நீங்களே மையமாக அச்சிட்டு வழங்குவதாக இருந்தால், இயந்திரத்தின் கையேட்டில் அது ஏற்கும் அதிகபட்ச கனத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்குங்கள். தடித்த தாளை உள்தட்டில் அடுக்காமல், வளையாமல் செல்லும் கைமுறை வழியில் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மழைக்காலத்தில் தேவாலா, கூடலூர்ப் பக்கம் திறந்து வைத்த தாள் கட்டு ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டுகொள்ளும், லேசர் மையும் சரியாக ஒட்டாது. தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு உறையை மூடி வையுங்கள். கையொப்பத்தைப் படமாக இடுவதைவிட, இடம் விட்டு மையால் ஒப்பமிட்டு முத்திரை வைப்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் படமாக உள்ள கையொப்பத்தை வெட்டி வேறோர் இடத்தில் ஒட்டுவது மிக எளிது.

சரிபார்ப்புக்காக க்யூஆர் குறியைச் சேர்க்கும்போது அதன் கீழே எழுத்துக் குறியீட்டையும் அச்சிடுங்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் தாளைப் பார்ப்பவர், குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிய பின் சரிபார்க்கலாம். இதற்கு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்ற அனுமதியைச் செயல்பாட்டின் அமைப்புகளில் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தச் செருகுநிரல் உருவாக்கிய பிடிஎஃப்-ஐச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை பதிவிறக்கும்போதும் அப்போதைய வடிவமைப்பிலிருந்து புதிதாகவே உருவாக்குகிறது. ஆகவே செயலாளர் மாறும்போது பழைய சான்றிதழில் புதியவரின் பெயரை இட்டால், முந்தைய ஆண்டு படித்து முடித்தவர்களின் தாளிலும் அவர் பெயரே வந்துவிடும். பழையதை அப்படியே விட்டு, புதிய தொகுதியினருக்கு அதன் பிரதி ஒன்றை எடுத்து, பெயரை மாற்றி, புதிய நிபந்தனையுடன் சேர்த்துவிடுங்கள்.